மூன்றாம் நாள் பிஸ்கட்

நாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தெரியாதவள் அல்ல நான். தெரிந்தும், போக வேண்டாம் என்று சொன்னவள்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. எங்கள் தெரு, அந்த ஒழுங்கை முழுவதிலும் அதுதான் முதல். வவுனியாவில் வணிக முகாமைத்துவம் படித்தேன். ஆனால் தர்மபுரத்தில் எங்கள் பக்கத்துச் சனத்துக்குப் பட்டம் என்றால் பட்டம்தான். பிரஷர் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா பின் போடுவதா, காணிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, மகள் ஏ.எல். பரீட்சைக்கு என்ன பாடம் எடுக்கலாம், எல்லாம் என்னிடம்தான் வரும். மலையகத் தோட்டங்களிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேத்தி நான். எங்கள் ஆட்களை இந்த ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று எனக்குத் தெரியும். அதே வாய்கள் "பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்று வேலிக்கு வந்து நிற்கும்போது "எனக்குத் தெரியாது" என்று சொல்ல மனம் வராது. ஒருநாளும் சொன்னதில்லை.

வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த இரண்டு வருடத்தில் வளவில் இருந்த சீவன்களைப் பார்த்துக்கொண்டேன். எட்டுக் கோழி, ஒரு மறி ஆடு, இரண்டு நாய். கோழித் தண்ணீரைத் தினமும் மாற்றினேன். ஆட்டின் குளம்பை மாதம் ஒருமுறை வெட்டினேன். நாய்களுக்கு உண்ணி பிடுங்கினேன். அப்பா பொன்னையா காட்டுக்குப் போகிறவர். வேட்டை நாய்க்கு வயிறு நிறைந்தால் ஓடாது என்பது அவர் படிப்பு. அந்தப் படிப்பால் எங்கள் நாய்கள் எப்போதும் விலா எலும்பு தெரியத் திரிந்தன. அதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் வந்துதான் நான் பிஸ்கட் சுட ஆரம்பித்தேன்.

கடைப் பிஸ்கட்டில் சீனி. அது நாய்க்குக் கூடாது. குரக்கன் மா, அவித்து மசித்த பூசணி, ஒரு முட்டை. நெத்தலி துப்புரவாக்கும்போது எறிகிற தலைகளை உப்புப் போக ஊறவைத்து, காயவைத்து இடித்த தூள். வெங்காயம் எந்த வடிவத்திலும் கூடாது. குழைத்துத் தட்டி, சோடாப் போத்தல் மூடியால் வட்டம் வட்டமாக வெட்டுவேன். எங்களிடம் அவண் இல்லை. தாச்சியில் மணல் போட்டு, மேலே தட்டை வைத்து, மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணல் பரப்பினால் ஒரு மணித்தியாலத்தில் மொறுமொறு என்று வரும்.

"பெத்தவளுக்கு ஒரு ரொட்டி சுட்டுத் தரமாட்டா. நாய்க்கு பிஸ்கட்டு," என்பாள் அம்மா. சொல்லிவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பாள். "உப்பே இல்லையே."

"உனக்கு இல்லம்மா அது."

"எனக்கு எதுதான் இருக்கு இந்த வீட்டுல?"

நாய்கள் இரண்டும் அப்பனும் மகனும். அப்பன் பெயர் கிழவன். பன்றி ஒன்று தொடையைக் கிழித்த நாளிலிருந்து நொண்டி, காட்டுக்குப் போவதில்லை. மகன் செவலை. இரண்டுக்கும் ஒரே செம்மண் நிறம், ஒரே மடிந்த காது. படுத்திருந்தால் எது எது என்று தெரியாது. எழும்பி நடந்தால்தான் தெரியும்.

மாசியில் விசர்நாய்த் தடுப்பூசி போடுகிற ஆட்கள் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் வந்தார்கள். எனக்கு அன்றைக்குக் கிளிநொச்சியில் ஒரு நேர்முகத் தேர்வு. போகுமுன் அப்பாவிடம் மூன்று தரம் சொன்னேன். "செவலையக் கட்டாயம் கொண்டுபோங்க. அவன்தான் காட்டுக்குப் போறவன்." பின்னேரம் வந்தபோது அப்பா கார்டை நீட்டினார். பெயர் செவலை, ஆண், கபில நிறம், திகதி, கையெழுத்து. எனக்கு அவ்வளவு சந்தோசம். ஒரு விசயத்திலாவது என் சொல்லைக் கேட்டிருக்கிறாரே. கார்டைக் கொண்டுபோய்ப் பட்டச் சான்றிதழ்ப் பிரதி இருக்கும் பிளாஸ்டிக் கோப்பில் வைத்தேன்.

சித்திரை கடைசியில் செவலை கிழிந்த காதோடு காட்டிலிருந்து வந்தான். பன்றி கிழித்தது என்றார் அப்பா. நான் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டுக் காயத்தை ஆற்றினேன். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, ஆனியில் ஒரு வியாழக்கிழமை காலை, அவன் கமலாசனி அக்காவைக் கடித்தான்.

கமலாசனி அக்கா பக்கத்து வளவு. யாழ்ப்பாணத்திலிருந்து, வாய்க்கால் பாய்கிற வயல் காணிக்கு வந்து குடியேறிய குடும்பம். எங்கள் ஆட்களை இழிவாகக் கூப்பிடுகிற அந்தப் பெயரை ஒருநாளும் சொல்லாத வீடு அது ஒன்றுதான். புருசன் குகதாசன் வவுனியாவில் அரிசி மில்லில் வேலை, மாதத்துக்கு இரண்டு தரம் வருவார். கல்யாணம் முடித்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு அக்காவுக்கு இப்போதுதான் வயிற்றில் பிள்ளை. ஐந்தாம் மாதம். தினமும் காலையில் அரிசி கழுவிய தண்ணீரையும் மரக்கறித் தோலையும் எங்கள் ஆட்டுக்குக் கொண்டுவருவார். வேலியில் இரண்டு கதியால் தடி கழன்ற இடத்தால்தான் வரவு.

அன்றைக்கு நான் சுட்ட பிஸ்கட்டைத் தட்டோடு மரக்குற்றியில் ஆறவைத்திருந்தேன். செவலை அதன் அடியில் படுத்திருந்தான். அக்கா வாளியை வைத்துவிட்டு, வழக்கம்போல ஒரு பிஸ்கட்டை எடுத்து "இந்தாடா மருமோன்" என்று நீட்டினார். அவன் உறுமவில்லை. எழும்பவும் இல்லை. படுத்தபடியே தலையைத் திருப்பி, அக்காவின் பெருவிரலுக்குக் கீழே கடித்து, உடனே விட்டான்.

அக்கா முதலில் சிரித்தார். "எடியே சுமி, என்ர மருமோன் என்னைக் கடிச்சுப் போட்டாரடி!" பிறகுதான் இரத்தத்தைப் பார்த்தார்.

நான் அவரை இழுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கால் மணித்தியாலம் விடாமல் கழுவினேன். நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

"பங்குக்கு நிண்டிருக்கிறார்," என்றார் அக்கா. "நான் தட்டில கை வைச்சது பிடிக்கேல்லை."

"ஓமக்கா. சாப்பாட்டுக்குப் பக்கத்தில ஒருத்தரையும் விடமாட்டான்." உண்மையில் அவன் அப்படி இல்லை. கோழி வந்து கொத்தினாலும் தள்ளிப் படுக்கிற நாய். ஆனால் பக்கத்தில் பிஸ்கட் இருந்தது, காரணம் கையோடு கிடைத்துவிட்டது.

"ஊசி போடவேணுமோடி?" அக்காவின் மற்றக் கை வயிற்றில் இருந்தது. "இந்த நேரத்தில அந்த ஊசி பிள்ளைக்குக் கூடாதெண்டு சொல்லுகினம்."

"ஆர் சொன்னது?"

"ஆரோ. எல்லாரும்தான். எனக்கென்னடி தெரியும், நீ படிச்சனி. நீ சொல்லு. நீ போ எண்டால் இப்பவே போறன்."

நான் உள்ளே போய்க் கோப்பைத் திறந்து கார்டைக் கொண்டுவந்தேன். திகதியை வாசித்தேன். கையெழுத்தைக் காட்டினேன். "ஊசி போட்ட நாயக்கா. உங்களுக்குத் தேவையில்லை. பதினாலு நாள் கட்டி வைச்சுப் பார்ப்பம். ஒழுங்காச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தானெண்டால் ஒண்டுமில்லை."

அக்காவின் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா முருங்கைக்குக் கீழே கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். கல்லில் கத்தி போகிற சத்தம் நின்றது. "கட்டிப் போடும்மா," என்றார். "சங்கிலியில போடு. நல்லா இறுக்கி." கத்தியை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார்.

அன்றிலிருந்து பிஸ்கட்தான் கணக்கு. காலையில் நான் ஒன்றைத் தட்டில் வைத்துச் செவலையின் முன் தள்ளுவேன். வேலியடியில் அக்கா நிற்பார்.

"மருமோன் சாப்பிட்டவரோ?"

"சாப்பிட்டவன் அக்கா."

"அப்ப எனக்கும் ஒரு நாள் கூடிப்போச்சு," என்று சிரித்துவிட்டுப் போவார். வெள்ளி சாப்பிட்டான். சனி சாப்பிட்டான், கொஞ்சம் மெதுவாக.

ஞாயிறு மூன்றாம் நாள். பிஸ்கட்டை வாயில் எடுத்தான். எடுத்துவிட்டு, அடுத்தது என்ன செய்வது என்று மறந்தவன்போல அப்படியே நின்றான். கடைவாயில் எச்சில் நூலாக இறங்கியது. பிஸ்கட் விழுந்தது, சங்கிலி எட்டாத தூரத்துக்கு உருண்டது. கிழவன் நொண்டி நொண்டி வந்து அதை எடுத்துத் தின்றான்.

"மருமோன் சாப்பிட்டவரோ?"

நான் தட்டைப் பார்த்தேன். தட்டு வெறுமை.

"ஓமக்கா. முழுக்கச் சாப்பிட்டவன்."

ஏன் சொன்னேன்? வெயிலாக இருக்கும், கட்டிப் போட்டதால் ரோசமாக இருக்கும், நாளைக்குச் சாப்பிடுவான் என்று நினைத்தேன். இதெல்லாம் நான் பிறகு கண்டுபிடித்த காரணங்கள். அந்த நேரத்தில் இருந்த காரணம் ஒன்றுதான். ஒழுங்கையில் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்து எனக்குப் பழக்கமில்லை.

திங்கள் காலை செவலை தண்ணீர்ச் சட்டிக்குள் வாயை வைத்தான். தொண்டை இழுத்தது. தண்ணீர் உள்ளே போகவில்லை. தலையை உதறிவிட்டு ஒரு சத்தம் போட்டான். குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை, தொண்டைக்குள் யாரோ கை வைத்து அமத்திய மாதிரி. நான் பிஸ்கட்டோடு குனிந்தேன்.

"சுமி, அவங்கிட்டப் போகாத." அப்பா பின்னால் நின்றார்.

"ஏன்?"

"போகாதன்னா போகாத."

"ஊசி போட்ட நாய்தானே அப்பா. கார்டு இருக்கே."

அப்பா நிலத்தைப் பார்த்தார். "அந்தக் கார்டு இவனுக்கு இல்ல."

எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. "பேர் போட்டிருக்கே. செவலைன்னு."

"பேரு இவனுக்கு. ஊசி கிழவனுக்கு." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ செவலைக்குப் போடணும்னு நின்ன. அதான் கிழவனக் கொண்டுபோயி இவன் பேரக் குடுத்தேன். ரெண்டும் ஒரே நெறம். எல்லாரும் அப்படித்தான். சிவராசாவும் கெழட்டு நாயத்தான் கொண்டுவந்தான். வேட்டை நாய எவன் ஊசிக்குக் குடுப்பான்? மோப்பம் போயிரும்."

"எந்த டொக்டர் சொன்னது மோப்பம் போகும்னு?"

"டொக்டரா காட்டுக்குப் போறான்?"

"காதைக் கிழிச்சது?"

 "நரி," என்றார். "பகல்ல வந்துச்சு. ஓடாம நின்னுச்சு. பன்றின்னு சொன்னேன், நீ கத்துவேன்னு."

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து வாயைப் பொத்தப் பார்த்தாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு ஒன்று சொன்னார். "நீ கம்பசுக்குப் போனதே இவன் அப்பன் மூக்காலதான். அந்தக் காசுக்கு வித்த எறச்சி எங்கேர்ந்து வந்துச்சு, நீ ஒரு நாளாவது கேட்டியா? அந்த மூக்க வச்சுத்தான் இந்த வீடு நிக்குது."

"வியாழக்கிழமை நான் கார்டை வாசிக்கும்போது பக்கத்துலதானே இருந்தீங்க. வாயைத் திறந்திருக்கலாமே அப்பா. அவங்க வயித்துல புள்ளையோட நின்னாங்களே."

"திறக்கத்தான் நெனச்சேன்." முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ அவ்வளவு நிச்சயமாச் சொன்ன. படிச்ச புள்ள சொல்லுதே, அப்ப ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுட்டேன்."

அந்தக் கார்டு பொய் என்று தெரிந்த ஒரே மனிதர் அவர். அவரே நான் வாசித்ததை நம்பிவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா ஏற்கெனவே வந்து நின்றார். "என்னடி காலமை சண்டை? மருமோன் சாப்பிட்டவரோ?"

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவம். இப்பவே. வெளிக்கிடுங்கோ."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. நான் சொன்னேன். கார்டு, கிழவன், நரி, எல்லாம். மூன்றாம் நாள் பிஸ்கட்டைச் சொல்லாமல் விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் சொன்னேன்.

"முழுக்கச் சாப்பிட்டவன் எண்டனியே," என்றார் அக்கா. மெதுவாக, ஏதோ சொத்தைக் காணவில்லை என்று தேடுகிறவர்போல. "முழுக்க எண்டனியே, சுமி."

கிளிநொச்சிக்கு ஓட்டோவில் போனோம். முழுத் தூரமும் அவர் கடிபட்ட கையை மடியிலிருந்து தள்ளி, வெளியே நீட்டியபடி இருந்தார். வயிற்றில் படக் கூடாது என்பதுபோல.

டொக்டர் ஒரு இளம் பெண், என் வயதுதான் இருக்கும். காயத்தைப் பார்த்தார். நாயின் கதையைக் கேட்டார். "நாலு நாளா? அம்மா, இது கையில, நரம்பு நிறைய இருக்கிற இடம். கடிச்ச அண்டைக்கே வந்திருக்க வேணும்."

"வயித்தில இருக்கு, அதாலதான்..."

"கர்ப்பிணிக்கும் போடலாம். பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது. ஊசி தேவையில்லை எண்டு ஆர் சொன்னது உங்களுக்கு?"

நான் சுவரோரம் நின்றேன். கமலாசனி அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள்," என்றார். "படிச்ச ஆள்."

காயத்தைச் சுற்றி ஒரு மருந்தைக் குத்திக் குத்தி இறக்கினார்கள். அக்கா கத்தவில்லை, கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்தார். பிறகு தோளில் ஊசி. நாயின் எச்சில் என் கையிலும் பட்டிருந்தது, கையில் கோழி கீறிய காயம் இருந்தது. எனக்கும் போட்டார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அடுத்த நாள். ஊசி எனக்கு நோகவில்லை. நொந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செவலை புதன்கிழமை செத்தான். கடைசி இரண்டு நாளும் சங்கிலியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டான். நான் தூர நின்று பார்த்தேன். சின்னதில் அவனுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நான். அன்றைக்குக் கிட்டப் போக ஒரு மனிதருக்கும் அனுமதி இல்லை. பரிசோதனைக்குத் தலை வேண்டும் என்று மிருக வைத்தியர் ஆட்களோடு வந்தார். பன்றியையும் மானையும் வளவுக்குள் கூறு போட்ட அப்பா, அவர்கள் கையுறை போடும்போதே ஒழுங்கைக்குப் போய்விட்டார். நான் நின்றேன். யாராவது ஒருவர் நிற்க வேண்டும். ஐஸ் பெட்டியை மூடும்போது அந்த மடிந்த காது மூடியில் அகப்பட்டது. வைத்தியர் அதை விரலால் உள்ளே தள்ளினார்.

ஒரு கிழமையில் முடிவு வந்தது. எல்லோருக்கும் தெரிந்த முடிவுதான். விசர்.

அதன் பிறகு ஊருக்குத் திரும்பவும் ஊசிக்காரர் வந்தார்கள். கோயில் சந்தியில் மேசை போட்டார்கள். வந்ததெல்லாம் கிழட்டு நாயும் குட்டியும். வேட்டை நாய்களை விடியவே வயலுக்குக் கொண்டுபோய்ப் புதர்ப் பற்றைக்குள் கட்டிவிட்டார்கள். நான் ஒரு பை நிறையப் பிஸ்கட்டோடு, ஊசிக்காரரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரம்பு வரம்பாக நடந்தேன். என் பிஸ்கட் மணம் இந்த ஊரில் எல்லா நாய்க்கும் தெரியும். பற்றைக்குள் கட்டிக்கிடந்தவை தாங்களாகவே முனகிக் காட்டிக்கொடுத்தன.

சிவராசா மண்வெட்டியோடு வந்து மறித்தார். "உங்கட நாய்க்கு விசர் பிடிச்சா எங்கட நாய்க்கு ஏன் ஊசி? பெரிய டொக்டர் வந்திட்டா! கமலாசனிக்கு நீ பார்த்த வைத்தியம் காணாதோ?"

நல்ல அடி. சரியான இடத்தில் விழுந்தது.

"காணாதுதான்," என்றேன். "அதுதான் இவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன். நாயைப் பிடியுங்கோ."

பிடித்தார். அன்றைக்குப் பதினொரு வேட்டை நாய்க்கு ஊசி போட்டோம். மோப்பம் ஒன்றுக்கும் போகவில்லை. அடுத்த கிழமையே சிவராசா வீட்டில் பன்றி இறைச்சி மணந்தது. அப்பா காட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்பதால் நான் அவரை மன்னித்துவிடவில்லை. அவரும் கேட்கவில்லை.

வேலியில் கதியால் கழன்ற இடத்தை குகதாசன் அண்ணா வந்து தகரம் வைத்து அடைத்தார். ஆட்டுக்கு இப்போது வாளி வருவதில்லை.

அக்கா எல்லா ஊசியையும் போட்டு முடித்தார். நானும் அதே திகதிகளில், அதே பஸ்ஸில் போனேன். அவர் முன் இருக்கை, நான் பின் இருக்கை. கடைசி நாள் நர்ஸ் மிஸ்ஸி அவரிடம் சொன்னதை நானும் கேட்டேன். "இனிப் பயப்பிடத் தேவையில்லை எண்டுதான் நினைக்கிறம். ஆனா பிந்தி வந்தனீங்கள். கொஞ்ச மாதத்துக்குக் கவனம். கடிச்ச இடம் விறைச்சால், தண்ணி விழுங்கக் கஷ்டமாயிருந்தால், ஒரு நிமிசமும் நிக்காமல் வாங்கோ."

அடுத்த நாள் காலை நான் கிழவனுக்குப் பிஸ்கட் வைத்துக்கொண்டிருந்தேன். தகரத்துக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது. வயிறு நன்றாகப் பெருத்துவிட்டது, முட்டாமல் நிற்பதற்காகச் சற்றுச் சரிந்து நின்றார். கையில் தண்ணீர் நிறைந்த ஒரு பெரிய சில்வர் பேணி. என்னைப் பார்த்தபடி வாயில் வைத்தார். நிறுத்தாமல் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். குடித்து முடித்துப் பேணியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு துளி விழவில்லை. உள்ளே போனார்.

அதற்கு அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும்.

மழை நாளில் குடையோடு வந்தார். குகதாசன் அண்ணா வந்து நிற்கிற நாளிலும் வந்தார். நான் எங்கே இருந்தாலும் அந்த நேரத்துக்கு வேலியடியில் நிற்கிறேன். போன கிழமை ஒரு வேலைக்கு அழைத்திருந்தார்கள், எட்டு மணிக்கு வரச் சொல்லி. போகவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்றைக்கு எழுபத்திரண்டாம் நாள். பாதிப் பேணியில் அக்காவுக்கு இருமல் வந்தது. பேணியை வாயிலிருந்து எடுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அந்தப் பேணியைப் பார்த்தேன்.

பிறகு மிச்சத்தையும் குடித்தார். மெதுவாக, கடைசி வரை. கவிழ்த்துக் காட்டினார்.